பாலைக்கும் முதிரைக்கும் பெயர் எழுதியவர்: ஹென்றி ட்ரைமனின் கதை

போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலர் தங்கள் வளவை அடையாளம் கண்டது வீட்டை வைத்து அல்ல. வீடு இருக்கவில்லை. வேலியும் இருக்கவில்லை. ஒழுங்கையும் பற்றையும் ஒன்றாகிக் கிடந்தன. கிணற்றடியில் நின்ற புளி, படலைக்குப் பக்கத்தில் நின்ற வேம்பு, வளவின் பின்மூலையில் நின்ற பாலை என்று ஏதோ ஒரு மரம்தான் இது நம்முடைய காணி என்று சொன்னது. வன்னியில் இந்தக் கதையைச் சொல்லாத குடும்பம் குறைவு.

அந்த மரங்களுக்கு நாம் சொல்லும் பெயர்களைத் தேடித் தேடி ஒரு பெரிய நூலில் எழுதி வைத்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர் தமிழர் அல்ல. வடக்கில் வாழ்ந்தவரும் அல்ல. கண்டிக்குப் பக்கத்தில், ஹந்தானை மலைத்தொடரைப் பார்த்தபடி 16 வருடங்கள் வேலை செய்து, அங்கேயே இறந்துபோன ஓர் ஆங்கிலேயர். பெயர் ஹென்றி ட்ரைமன்.

இன்று ஹந்தானை என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பேராதனைப் பல்கலைக்கழகம். மலைச்சரிவில் தேயிலை, அதற்குள் லயன் வீடுகள், மேலே புல்வெளி, அடிவாரத்தில் பல்கலைக்கழகம். அங்கிருந்து சற்றுத் தள்ளி, மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓடும் நிலத்தில் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1821இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவுக்கு 1880இல் பொறுப்பாளராக வந்தார் ட்ரைமன். அப்போது அவருக்கு வயது 36.

அவர் 1843 ஒக்டோபர் 26ஆம் திகதி லண்டனில் பிறந்தவர். அண்ணன் ரோலண்ட் ட்ரைமன் தென்னாபிரிக்க வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். ஹென்றி படித்தது மருத்துவம். 1865இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அடுத்த வருடம் லண்டனில் கொலரா பரவியபோது நகரின் ஒரு பகுதிக்கு மருத்துவ அதிகாரியாக வேலை செய்தார். ஆனால் வைத்தியராக நிலைக்கவில்லை. மனம் செடிகளிடம் இருந்தது.

அதே 1866இல்தான், குளங்களில் மிதக்கும் மிகச் சிறிய செடியொன்றை இங்கிலாந்தில் முதன்முதலாகக் கண்டெடுத்தார். குண்டூசித் தலையளவே இருக்கும் அதற்கு வொல்ஃபியா அரைஸா என்று பெயர். வொல்ஃப் என்ற ஜேர்மன் மருத்துவரின் நினைவாக முதற்சொல். வேர் இல்லாதது என்பது இரண்டாவது சொல்லின் பொருள்.

தாவரங்களின் அறிவியல் பெயர்கள் எல்லாம் இப்படித்தான் அமைகின்றன. இரண்டு சொற்கள், பெரும்பாலும் இலத்தீன் அல்லது கிரேக்கம். ஒரு சொல் அந்தச் செடியின் குடும்பப் பெயர் மாதிரி. மற்றது அதன் சொந்தப் பெயர். சில பெயர்கள் செடியின் தோற்றத்தைச் சொல்லும். சில ஊரைச் சொல்லும். வேறு சில, அந்தச் செடியை ஒருநாளும் கண்டிராத ஒரு மனிதரின் பெயரைச் சுமக்கும்.

1869இல் ட்ரைமன் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் சேர்ந்தார். லண்டனைச் சூழ்ந்த மிடில்செக்ஸ் மாவட்டத்தின் தாவரங்களைப் பற்றி நண்பர் திசல்டன் டயருடன் சேர்ந்து நூல் எழுதினார். ரொபர்ட் பென்ட்லியுடன் சேர்ந்து மூலிகைகள் பற்றிய பெரிய படநூலொன்றை உருவாக்கினார். தாவரவியல் சஞ்சிகையொன்றுக்கு ஆசிரியராக இருந்தார். இலங்கைக்கு வருமுன்னரே இலங்கைச் செடிகளை அவர் அறிந்திருக்க ஒரு காரணமும் அந்த அருங்காட்சியகத்தில் இருந்தது.

1670களில் ஒல்லாந்தர் ஆட்சியின் கீழ் கொழும்பில் வைத்தியராக இருந்த போல் ஹேர்மன், சுற்றிலும் கிடைத்த செடிகளை உலர்த்தி ஏடுகளில் ஒட்டி வைத்தார். அவர் இறந்தபின் அந்த ஏடுகள் கைமாறிப் போய், சுவீடனில் லின்னேயஸின் மேசைக்கு வந்தன. இன்று உலகம் முழுவதும் பயன்படும் இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டியவர் அவரே. ஹேர்மனின் ஏடுகளை வைத்து அவர் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் அந்த ஏடுகள் லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ட்ரைமன் 1887இல் ஹேர்மனின் உலர்ந்த செடிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, லின்னேயஸ் எதை எந்தப் பெயரால் அழைத்தார் என்று ஒரு கட்டுரை எழுதினார். இருநூறு வருடங்களுக்கு முன் ஒருவர் பறித்து ஒட்டிய இலையும் ஒரு சாட்சியம். அது எங்கே, யாரால் எடுக்கப்பட்டது என்பதைச் சரியாக எழுதி வைத்தால் மட்டுமே அந்தச் சாட்சியம் நிற்கும்.

ட்ரைமன் பேராதனைக்கு வந்த காலம் நல்ல காலம் அல்ல. 1869இல் கண்டறியப்பட்ட இலைத் துரு நோய் கோப்பித் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தது. 1884இல் தோட்டத்துரைமாரின் பணம் புழங்கிய ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. துரைமார் நொடிந்துபோனார்கள் என்று வரலாற்று நூல்கள் விரிவாக எழுதும். தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் நிலை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

கோப்பிக்குப் பதிலாக எதை நடுவது என்பதே பேராதனையிடம் எல்லோரும் கேட்ட கேள்வி. சிங்கோனா, கொக்கோ, தேயிலை, இறப்பர் என்று பூங்கா பதில் தேடியது. கியூவிலிருந்து 1876இல் வந்த இறப்பர் கன்றுகள் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் வளர்ந்திருந்தன. அவற்றில் பால் வெட்டிப் பார்க்கும் பரிசோதனைகளை ட்ரைமன் நடத்தினார். ஹந்தானைச் சரிவை இன்று மூடியிருக்கும் தேயிலையும் அந்த மாற்றத்தின் மிச்சம்தான்.

இவை எல்லாம் அவருடைய உத்தியோகம். மனதில் இருந்த வேலை வேறு. இந்தத் தீவில் தானாக முளைத்துப் பூக்கும் ஒவ்வொரு செடியையும் ஒன்றுவிடாமல் எழுதுவது.

அவருக்கு முன்பிருந்தவர்களும் அதையே விரும்பினார்கள். 1844இல் பேராதனைக்கு வந்த ஜோர்ஜ் கார்ட்னர் அதற்கு முன் ஐந்து வருடங்கள் பிரேசிலில் அலைந்தவர். அந்நாட்டின் வடகிழக்கில் மழை குறைந்த அராரிப்பே மேட்டுநிலத்தில் செடிகள் சேர்த்தார். அங்கே பாறைக்குள் கிடைத்த மீன் எச்சங்களையும் அனுப்பி வைத்தார். அவற்றில் ஒன்று இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இலங்கைக்கு வந்தபின் ஹந்தானையில் அவர் சேர்த்த செடிகள் பல. அந்த மலையின் பெயர் பழைய தாவர நூல்களில் அடிக்கடி வருவதற்கு அவரும் ஒரு காரணம். ஆனால் நினைத்த நூலை முடிக்காமலே 1849இல் நுவரெலியாவில் இறந்தார். அடுத்து வந்த துவெய்ட்ஸ் 30 வருடங்கள் இருந்து இலத்தீனில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். அது அறிஞருக்கு உதவியது. காட்டுக்குள் ஒரு செடியைப் பார்த்து இது என்ன என்று கேட்பவருக்கு உதவவில்லை.

ட்ரைமன் முதலில் 1885இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். பிறகு வருடக்கணக்காக அலைந்தார். இலங்கையின் தாவரங்களை மழை எப்படிப் பிரிக்கிறது என்பதை அவர் தெளிவாகக் கண்டார். தென்மேற்கின் ஈரக் காட்டில் உள்ள செடிகளில் பல உலகில் வேறெங்கும் இல்லை. புதிய இனம் கண்டுபிடித்துப் பெயர் வாங்க விரும்புகிறவர்கள் அங்கேதான் போவார்கள். வடக்கும் கிழக்கும் வேறு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்பவை பெரும்பாலும் பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் கிழக்குக் கரையோரத்தில் வளர்பவையே. புதுமை தேடுகிறவருக்கு அங்கே வேலை குறைவு. ஆனால் ட்ரைமன் வரண்ட நிலத்தை ஒதுக்கவில்லை. 1883இல் அநுராதபுரத்தில் ஒரு கிளைப் பூங்கா திறக்கப்பட்டது. பின்னர் வந்த அவருடைய நூலில் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்ற இடப்பெயர்கள் ஹந்தானைக்குக் கிடைத்த அதே மரியாதையுடன் வருகின்றன.

அந்த நூல்தான் இலங்கைத் தாவரங்களின் கைநூல். முதற்பாகம் 1893இலும் இரண்டாவது 1894இலும் மூன்றாவது 1895இலும் வெளிவந்தன. ஒவ்வொரு செடிக்கும் இலத்தீன் பெயர், அதன் கீழே சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர். தமிழ்ப் பெயருக்கு அடையாளமாக ஓர் ஆங்கில எழுத்து. பிறகு இலை, பூ, காய், எங்கே வளர்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்ற விபரம்.

அந்தப் பெயர்களை இன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மரத்துக்குள் எத்தனை ஊர் கிடக்கிறது என்பது தெரியும்.

முதிரையை எடுங்கள். வன்னியில் கதவு, நிலை, தளபாடம் என்றால் முதிரைதான். அதன் அறிவியல் பெயர் குளோரொக்ஸிலொன் ஸ்வீட்டெனியா. முதற்சொல்லுக்குப் பச்சை மஞ்சள் நிற மரம் என்று பொருள். இரண்டாவது சொல் கெராட் வான் ஸ்வீட்டன் என்ற ஒல்லாந்து வைத்தியரைக் குறிக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஒஸ்ரிய அரசி மரியா தெரேசாவின் அரண்மனை வைத்தியர் அவர். அவர் பெயரை முதலில் மகோகனிக்கு வைத்தார்கள். முதிரையும் மகோகனி வகை என்று ஒருகாலத்தில் எண்ணியதால் அது இதிலும் ஒட்டிக்கொண்டது.

திருகோணமலையின் பெயரால் உலகச் சந்தையில் விற்கப்பட்ட சமண்டலை மரத்துக்கு பெர்யா என்று பெயர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இருந்த அன்ட்ரூ பெரியின் நினைவு அது. கருங்காலியின் இனப்பெயர் டயோஸ்பைரொஸ். கிரேக்கக் கடவுள் சியூஸின் தானியம் என்பது அதன் பொருள்.

கார்த்திகைப் பூவுக்குப் பெயர் வைத்தவர் லின்னேயஸ். குளோரியோசா சுப்பேர்பா. புகழ் உடையது, பெருமிதமானது என்ற இரண்டு இலத்தீன் சொற்கள். அந்தப் பூவை நாம் எந்த மாதத்தில், எந்த நினைவோடு பார்ப்போம் என்று அந்த சுவீடன்காரருக்குத் தெரிய வழியில்லை. அவருக்கு அதன் அழகு மட்டும் தெரிந்திருந்தது. கிழங்கில் இருக்கும் நஞ்சை நம் வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அறிவியல் பெயர் நிலையானது, ஊர்ப்பெயர் மாறக்கூடியது என்று பாடசாலையில் சொல்லித் தந்தார்கள். ட்ரைமனின் பக்கங்களைப் பார்த்தால் கதை மறுபக்கமாக இருக்கிறது. பாலையை அவர் மிமுசொப்ஸ் ஹெக்ஸான்ட்ரா என்று எழுதினார். குரங்கு முகம் என்பது அந்த முதற்சொல்லின் பொருள். இன்று அது மனில்காரா. மலையாளத்திலிருந்து வந்த சொல். அவர் இலுப்பையை எழுதியது பொலோக்னா நகரத்து பஸ்ஸி என்பவரின் பெயரால். இன்று அது மதூக்கா, வடமொழிச் சொல். நாவல் அப்போது யூஜீனியா, சவோய் இளவரசர் யூஜீனின் நினைவாக. இன்று அது சிசிஜியம். குடைபோல் விரிந்து மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நிற்கும் உடை மரம் அக்காசியா இனத்தில் இருந்தது. 2011இல் மெல்பேர்னில் கூடிய தாவரவியலாளர் மாநாடு அக்காசியா என்ற பெயரை அவுஸ்திரேலிய மரங்களுக்கே விட்டுக்கொடுத்த முன்னைய முடிவை உறுதிசெய்தது. நம் உடை இப்போது வச்செலியா. சீனாவின் மக்காவோவில் ஆங்கில வணிகர்களின் மதகுருவாக இருந்த வச்செல் என்பவரின் பெயர்.

இலத்தீன் பெயர்கள் இப்படி மாறின. பாலை பாலையாகவே இருக்கிறது. இலுப்பை இலுப்பையாகவே இருக்கிறது. புளியங்குளம், இலுப்பைக்கடவை, நாவற்குழி, மருதங்கேணி என்று நம் ஊர்கள் அந்தப் பெயர்களிலேயே நிற்கின்றன. நம் காலத்தில் முழு உலகும் கேட்ட முள்ளிவாய்க்கால் என்ற பெயருக்குள்ளும் முள்ளி என்ற ஒரு சொல் இருக்கிறது. நீரோரத்து முட்செடிக்கு நம்மவர் சொல்வது நீர்முள்ளி.

ட்ரைமனைத் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. அவர் ஒரு பேரரசின் உத்தியோகத்தர். பூங்கா பேரரசின் தோட்டங்களுக்காகவே இயங்கியது. பெயர் வைக்கும் உரிமையும் அவர்கள் கையில்தான் இருந்தது. மலைக்காட்டில் மரங்களைப் பற்றி ஏறும் ஒரு கொடியின் பெயர் கென்றிக்கியா வோக்கரி. துவெய்ட்ஸின் பெயரில் கென்றிக் என்ற பகுதி, அதோடு வோக்கர் என்ற படை அதிகாரி. ஒரே கொடியில் இரண்டு ஆங்கிலேயர். ட்ரைமனுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. ட்ரைமேனியா என்ற இனம் பிஜித் தீவின் செடிகளை ஆராய்ந்த சீமன் வைத்தது. இலங்கையில் அது வளர்வதில்லை.

காட்டுக்கு வழி காட்டியவர், மரத்தில் ஏறிப் பூப் பறித்தவர், சுமை தூக்கியவர் யாருடைய பெயரும் எந்தச் செடியிலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு. பூங்காவில் பல பத்தாண்டுகள் ஓவியராக இருந்த ஹர்மானிஸ் த அல்விஸின் பெயரை ஒரு சிறிய ஓர்க்கிட் தாங்குகிறது. இலையே இல்லாமல், பட்டையில் வேரை மட்டும் பரப்பி வாழும் செடி அது. ட்ரைமனின் நூலுக்குப் படம் வரைந்ததும் அந்தக் குடும்பத்தவர்தான். ஆனால் பாலை என்றும் முதிரை என்றும் சொல்லிக் கொடுத்த தமிழரின் பெயர் அந்தப் பக்கங்களில் இல்லை. சொல் மட்டும் பதிவானது. சொன்னவர் பதிவாகவில்லை.

1890களின் நடுவில் ட்ரைமனின் உடல் தளர்ந்தது. காது கேளாமல் போனது. கால்கள் செயலிழந்தன. காட்டில் நடந்தே செடிகளை அறிந்தவர் நாற்காலிக்குள் அடங்கினார். 1896இல் பதவியை விட்டார். ஆனால் ஊருக்குத் திரும்பவில்லை. நூலில் புல்லும் கோரையும் ஓர்க்கிட்டும் இன்னும் எழுதப்படாமல் இருந்தன. பேராதனையின் உலர்ந்த செடிகளை விட்டுப் போனால் அவற்றை எழுத முடியாது. 1896 ஒக்டோபர் 16ஆம் திகதி, 53ஆவது பிறந்தநாளுக்குப் பத்து நாட்கள் இருக்கையில், அவர் இறந்தார். திருமணம் செய்திருக்கவில்லை.

கையெழுத்துக் குறிப்புகள் லண்டனுக்குப் போயின. அவற்றை எடுத்து வேலையைத் தொடர்ந்தவர் ஜோசப் ஹூக்கர். இமயமலைத் தாவரங்களை ஆராய்ந்தவர், கியூ பூங்காவின் முன்னாள் பணிப்பாளர், அப்போது 80 வயதை எட்டியவர். 1898இல் நான்காம் பாகத்தையும் 1900இல் ஐந்தாம் பாகத்தையும் அவர் வெளியிட்டார். 1931இல் அல்ஸ்டன் என்பவர் ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தார். ஒருவர் பாதியில் விட்ட பட்டியலை இன்னொருவர் எடுத்தார். அவர் விட்ட இடைவெளியை மற்றொருவர் நிரப்பினார்.

அந்த நூலைத் திருத்திப் புதிதாக எழுதும் வேலை நம் காலத்தில் நடந்தது. தஸநாயக்கவும் அமெரிக்கரான ஃபொஸ்பேர்க்கும் தொடங்கிய அந்தத் தொகுதிகள் 1980 முதல் 2006 வரை வெளிவந்தன. இந்த வருடங்களைப் பார்த்தால் நமக்கு வேறு விளக்கம் தேவையில்லை. செடி தேடி வன்னிக் காட்டுக்குள் நிம்மதியாக நடக்கக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. காட்டை அறிந்தவர்கள் இடம்பெயர்ந்து கொண்டிருந்தார்கள். மூலிகை தெரிந்த பரியாரிமாரில் பலர் அந்த அறிவை யாருக்கும் சொல்லாமலே போய்விட்டார்கள். கண்ணிவெடி அகற்றும் வரை பலருக்குத் தங்கள் காட்டின் ஓரத்தைக்கூட மிதிக்க முடியவில்லை. அந்த இடைவெளியில் வளர்ந்த தலைமுறைக்கு, எனக்கும் சேர்த்துத்தான், பல செடிகள் வெறும் பற்றை.

என் அம்மம்மா நடந்து போகும்போது ஒவ்வொரு பற்றையையும் பெயர் சொல்லிக் கடப்பா. இது வீரை, இது ஆவரசு, இது காய்ச்சலுக்கு, இதை மாடு தின்னாது. நான் அப்போது எதையும் எழுதி வைக்கவில்லை. அவ சொன்னதில் எனக்கு இப்போது நினைவிருப்பது பத்துப் பெயருக்குள்தான்.

பெயர்ப் பட்டியல் என்றால் என்ன என்று நம் மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெருவோரக் கொட்டகைகளில் வருடக்கணக்காகப் பெயர்களோடு அமர்ந்திருக்கும் தாய்மாருக்குத் தெரியும், எழுதப்படாத பெயர் எவ்வளவு விரைவில் இல்லாத பெயராக்கப்படும் என்று. மரத்தின் பெயரும் மனிதரின் பெயரும் ஒன்றல்ல. ஆனால் ஒரு மரத்தின் பெயரை மறந்தால் அதை வைத்து அடையாளம் கண்ட வளவும் குளமும் ஊரும் சேர்ந்து மங்கும்.

ட்ரைமன் சொல்லை எழுதினார், சொன்னவரை எழுதவில்லை. அந்த இரண்டாவது வேலை நம்முடையது. பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரக் களஞ்சியத்தில் அவர் காலத்து ஏடுகள் இன்றும் இருக்கின்றன. அடுத்த ஏட்டைத் தொடங்க ஒரு அப்பியாசக் கொப்பி போதும். இந்தச் செடிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று வீட்டில் இருக்கும் வயதானவரிடம் கேட்டு எழுதுங்கள். திகதியையும் ஊரையும் பக்கத்தில் போடுங்கள். சொன்னவரின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.